காலேஜ் ஃபுட்பாலுக்கு நிரந்தர எதிரணி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கீழக்கரைக்காரன், நம்ம பக்கத்து காலேஜ் பசங்க ஆடுற ஃபுட்பால விடாம பாக்குறவன். இங்க நான் பாக்குற போட்டி முக்கால்வாசி நாக்அவுட்தான், ஒரு மேட்ச் தோத்தா மூட்டையக் கட்டிட்டு வந்துடணும், அதே டீமோட மறுபடி எப்ப ஆடுவோம்னு பசங்களுக்கே தெரியாது, மாசக்கணக்கா காலைல எந்திரிச்சு ஓடுனது எல்லாம் ஒரே மதியத்துல முடிஞ்சு போகுது, மனசு ஆறல சார்.

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னா அது வேற ஆட்டம், ஆனா அட்டவணை போடுற விதத்த நாம எடுத்துக்கலாம். அங்க எஸ்இசின்னு 16 டீம் லீக். 2026லேர்ந்து ஒரு டீமுக்கு லீக்குக்குள்ள 9 மேட்ச், 3 எதிரணி வருஷா வருஷம் மாறாது, மிச்சம் 6 சுழற்சியில வரும், அப்ப ரெண்டே வருஷத்துல எல்லாரும் எல்லாரோடயும் ஆடிடுவாங்க. டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம்னு ஒரே மாநிலத்து ரெண்டு யுனிவர்சிட்டி டீமும் வேற வேற லீக்ல இருந்ததால 2011க்கு அப்புறம் 2024 வரைக்கும் மோதவே இல்ல. ரொம்ப பழைய போட்டி அது, அப்படி விட்டுப் போகக்கூடாது.

நம்ம மாவட்டத்துலயும் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் காலேஜ்களுக்கு ஆளுக்கு ரெண்டு நிரந்தர எதிரணி குடுங்க, பஸ் செலவு கம்மியாகுற மாதிரி பக்கத்து ஊரா பாத்து, ஒரு வருஷம் இங்க ஒரு வருஷம் அங்க. ஐப்பசி கார்த்திகை மழையில வைக்காதீங்க, கிரவுண்டு குளமாயிடும். பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சு பரீட்சைக்கு முன்னாடி முடிச்சிடலாம், பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இத இந்த வருஷமே பேசி முடிவெடுக்கணும்.

– ஒரு ஃபுட்பால் ரசிகர், கீழக்கரை