அக்கா, உன் குதிரைங்களை வித்துட்டேன்

அக்கா,

வாட்ஸப்ல அனுப்பினா ப்ளூ டிக் விழும், பதில் வராது. அதான் இங்க எழுதுறேன். நீ இதைப் படிக்கிறேன்னு எனக்குத் தெரியும், எப்படித் தெரியும்னு கேக்காத.

பெங்களூர்ல ஒருத்தர், ஷ்லைக்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட பழைய மிருக பொம்மைங்க மட்டும் சேக்குறவர், அட்வான்ஸ் அனுப்பிட்டார். ஞாயித்துக்கிழமை கார்ல வந்து எடுத்துக்கிறாராம். என்னைக் கேக்காம எப்படி வித்தேன்னு குதிப்ப. கேக்கணும்னா நீ ஃபோனை எடுக்கணும்ல. அப்பாவோட தலைத்திவசம் முடிஞ்சதும் வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு ஆயிருச்சு, அம்மா என்கூட வந்துட்டாங்க, இந்த ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல உன் லாயத்தை நான் எங்க வெக்கிறது சொல்லு.

லாஃப்ட்ல இருந்து பெட்டியை இறக்கினப்ப பாதிக்குப் பாதி நிக்கல. கோயமுத்தூர் வெயில் ஓட்டுக்குக் கீழ எப்படி இறங்கும்னு உனக்குத் தெரியும். அரேபியன் குதிரைக்கு முன்னங்கால் ரெண்டும் மடங்கி, டாஸ்மாக்ல இருந்து வெளிய வர்ற ஆள் மாதிரி சாயுது. ட்ராகேனர் குதிரை வயித்துல ஒரே பிசுக்கு, தூசி எல்லாம் அப்பிப் போயிருக்கு. பிவிசி பிளாஸ்டிக் வளையறதுக்காக சேக்குற கெமிக்கல் வருஷம் ஆக ஆக வெளிய கசியுமாம், அந்த பெங்களூர்க்காரர் தான் சொன்னார். சோப்புத் தண்ணில ஒவ்வொண்ணா கழுவினேன். காலுக்கு உன் வைத்தியம் தான், கொதிக்கிற தண்ணில காலை மட்டும் முக்கி, இளகினதும் நேராக்கி, விடாம அப்படியே பச்சைத் தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிக்கிறது. விரல் சுட்டுச்சு. உனக்கு எப்படி சுடாம இருந்துச்சுன்னு இப்பவும் புரியல, இல்ல சுட்டும் சொல்லாம இருந்தியா.

அவருக்கு வீடியோ கால்ல ஒவ்வொண்ணோட வயித்தையும் காட்டணும். வருஷம் பாப்பார், பெயிண்ட் எங்க தேஞ்சிருக்குன்னு பாப்பார், ரிட்டயர்ட் மாடலா இல்ல இன்னும் கடைல வருதான்னு பாப்பார். வயித்துல தான் அந்தக் கம்பெனி அட்ரஸ் இருக்கே, அம் லிமெஸ் 69, ஷ்வேபிஷ் க்முண்ட். "அதுங்க வீட்டு விலாசம்டா, தொலைஞ்சா யாராச்சும் கொண்டுபோய் விட்ருவாங்க"ன்னு நீ சொன்னதை நம்பித்தான், நாம ஜெர்மனில இருந்தப்ப ஷ்லோஸ்கார்டன் பார்க்ல என் சிங்கத்தை விட்டுட்டு வந்தப்ப நான் அழாம தூங்கினேன். இப்ப அந்த வீடும் இல்ல. ஃப்ரீட்ரிஷ் ஷ்லைக் 1935-ல ஆரம்பிச்ச கம்பெனி, க்முண்ட் ஆஃபீஸை மூடுறோம்னு 2024-ல அறிவிச்சுட்டாங்க, தலைமை ஆஃபீஸ் ம்யூனிக்னு ஆயிருச்சு. என் சிங்கம் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுமோ.

சரி, யானை விஷயத்துக்கு வர்றேன்.

குதிரை உனக்கு, காட்டு மிருகம் எனக்கு, கார்ப்பெட் ஓரம் தான் பார்டர். அப்படி இருக்கப்ப கார்ல்ஸ்ப்ளாட்ஸ் சனிக்கிழமை ஃப்ளோமார்க்ட்ல, அதான் அந்தப் பழைய சாமான் சந்தைல, அப்பா ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள கையை விட்டு எடுத்துக் குடுத்த யானை யாருக்கு வரணும்? எனக்கு. ஆனா நீ திரும்பி வர்ற ட்ராம்லயே அதைத் திருப்பித் திருப்பிப் பாத்து, காது சின்னது, நெத்தில ரெண்டு மேடு, முதுகு வளைஞ்சிருக்கு, ஆப்பிரிக்க யானைன்னா காது முறம் அளவு இருக்கும் முதுகுல பள்ளம் விழும், அதனால இது நம்மூர் யானை, நம்மூர் யானைன்னா கோயில் யானை, கோயில் யானை காட்டு மிருகம் கிடையாது, அதனால என் பக்கம்னு ஒரே மூச்சுல தீர்ப்பு சொல்லிட்ட. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி சிரிச்சுட்டிருந்தார்.

ராத்திரி நான் முழிச்சுப் பாக்குறேன், நீ டேபிள் லைட்ல உக்காந்து, உன் ஸ்கூல் டிப்எக்ஸ், அதான் ஒயிட்னர், அந்த பாட்டிலைத் திறந்து, அந்தச் சின்ன நெத்தில ரெண்டு வெள்ளைக்கோடு போடுற. மூச்சைப் பிடிச்சுட்டு. நடுவுல அம்மாவோட குங்குமத்தை தீக்குச்சி முனைல தொட்டு ஒரே இழுப்பு. பாசுரம் எல்லாம் தெரியாத வயசுல வடகலை நாமமா தென்கலை நாமமான்னு நீ யோசிச்சிருக்க மாட்ட. காஞ்சிபுரத்துல இதுக்குக் கேஸே நடந்துச்சுன்னு தாத்தா சொல்லுவாரே. நான் அழ ஆரம்பிச்சதும் நீ யானையைத் தூக்கிட்டு வந்து தும்பிக்கையை என் தலைல வெச்ச. ஈரம் காயாத டிப்எக்ஸ் வாசனை. சத்தம் கேட்டு அப்பா வந்தார், எங்களைப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு தலையைக் காட்டினார். அவருக்கும் ஆசீர்வாதம். பாக்கெட்ல இருந்து அம்பது சென்ட் எடுத்து தும்பிக்கைக்கு அடியில வெச்சார்.

அந்தக் காசை நீதான் வெச்சுக்கிட்ட. எப்பவும் நீதான் வெச்சுப்ப.

வீட்டை விட்டுப் போனப்பவும் அப்படித்தான், ஃப்ரீஷியன் குதிரையை மட்டும் எடுத்துட்டுப் போன, பெட்டியில இடம் இருந்துச்சு, எனக்குத் தெரியும், நான் தான் தூக்கிட்டு வந்து ஆட்டோல வெச்சேன். அன்னைக்கு ஹால்ல நடந்ததை இங்க எழுத மாட்டேன். சித்தப்பா வீட்ல இதைப் படிக்கிறாங்க, அத்தைக்கு யாராச்சும் ஃபார்வர்ட் பண்ணுவாங்க. நான் வாயைத் திறக்கலைங்கிறது தானே உன் கோவம். சாரி. ஆனா நான் அப்ப பன்னெண்டாவது அக்கா, ஃபீஸ் அப்பா கையில, நான் பேசியிருந்தா என்ன மாறியிருக்கும், நீ போயிருப்ப, நானும் அவரும் அந்த வீட்டுக்குள்ள பேசாம இருந்திருப்போம். நீ போயிட்ட, பிபி மாத்திரையும் ஆஸ்பத்திரி வரிசையும் என் தலைல. கொள்ளி வெச்சதும் நான், திவசத்துக்கு வந்தவங்க "பொண்ணு வரலியா"ன்னு கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னதும் நான். இது குத்திக் காட்டுறது இல்ல. சரி, குத்திக் காட்டுறது தான்.

அப்பா கடைசி மாசங்கள்ல உன்னைப் பத்தி என்ன சொன்னார்னு நேர்ல வந்தா சொல்றேன். இங்க இல்ல.

பெங்களூர்க்காரர் யானையையும் கேட்டார். நாமத்தைப் பாத்ததும், "நாமளா பெயிண்ட் அடிச்ச கஸ்டம் பீஸ் வேண்டாங்க, நெயில் பாலிஷ் ரிமூவர்ல துடைச்சுக் குடுங்க"ன்னார். அசிட்டோன் பட்டா கம்பெனி பெயிண்டும் சேந்து போயிரும்னு சேக்குற மனுஷனுக்குத் தெரியாதா என்ன. முடியாதுன்னுட்டேன். விலையில கொஞ்சம் குறைச்சார், குறைச்சுக்கட்டும். யானை இப்ப அம்மா ரூம்ல இருக்கு, குங்குமம் எப்பவோ போச்சு, வெள்ளைக் கோட்டுல ஒண்ணு பாதி உதிர்ந்திருக்கு.

குதிரைல ஏதாச்சும் வேணும்னா சனிக்கிழமைக்குள்ள சொல்லு, ஹாஃப்லிங்கரும் குட்டியும் தனியா எடுத்து வெச்சிருக்கேன், கூரியர் காசு நீ குடு. மத்ததுக்கு வர்ற பணத்துல பாதி உன் அக்கவுண்டுக்கு வரும், வேண்டாம்னு திருப்பி அனுப்பாத, அம்மா பாஸ்புக் பாப்பாங்க. யானையை மட்டும் கேக்காத. முதுமலையில போய்ப் பாரு, அது காட்டு மிருகம் தான்.