ஏட்டி ஸ்டெல்லா, நீ குடுத்த பைபிளை இப்பதான் திறந்தேன்

ஏட்டி ஸ்டெல்லா,

நல்லா இருக்கியா, அண்ணன் சுகமா, பிள்ளைங்க ஒழுங்கா படிக்குதுகளா. இங்க எல்லாரும் சுகம். எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல, உன் மாமியார் தவறினப்ப கூட போன்ல ரெண்டு நிமிஷம் பேசுனதோட சரி, அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. இப்ப எழுதுறதுக்கு வேற காரணம் இருக்கு, வாட்ஸாப்புல டைப் பண்ணி அனுப்புற விஷயம் இல்ல, உங்கிட்ட மட்டும் சொல்லணும்.

அம்மாவுக்கு கண்ணுல புரை எடுத்து ஒரு மாசம் ஆச்சு. டாக்டர் கொஞ்ச நாள் வாசிக்க வேண்டாம்னுட்டாரு. குடும்ப ஜெபத்துல வேதம் வாசிக்கிறது எங்கம்மா வேலை, இத்தனை வருஷத்துல வேற யாரையும் விட்டதில்ல, இப்ப அது எனக்கும் சின்னவளுக்கும் வந்துட்டு. சின்னவ பழைய பைபிள்ல நாலு வரி தட்டுத்தடுமாறி வாசிப்பா, "ம்மா இது தமிழா"ன்னு கேப்பா. அப்பதான் பால்காய்ச்சுக்கு நீ குடுத்த திருவிவிலியம், உங்க கத்தோலிக்க பைபிள், ஞாபகம் வந்துச்சு. நாலு வருஷமா பீரோவுல கவர் கூட பிரிக்காம இருந்துச்சு, கோவிச்சுக்காத.

முதல் நாள் இருபத்தி மூணாம் சங்கீதம். "ஆண்டவரே என் ஆயர்"னு சின்னவ ஆரம்பிக்கவும் அம்மா கண்ணை மூடிக்கிட்டே, "கர்த்தர் எங்கட்டி போனாரு?"ன்னு கேட்டா. "மேய்ப்பர் எங்க? அமர்ந்த தண்ணீர்கள் எங்க? இது ஆர்சி பைபிள், எடுத்து வை"ன்னு ஒரே சத்தம். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அப்பா கடைசி நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப "நான் தாழ்ச்சியடையேன், நான் தாழ்ச்சியடையேன்"னு அந்த ஒரு வரியைத்தான் அப்பா காதுல சொல்லிக்கிட்டே இருந்தா. அதை மாத்தி வாசிச்சா அவளுக்கு அப்பா குரலையே மாத்துன மாதிரி இருக்கும்.

ஆனா நம்ம மூக்குக்கண்ணாடி சார் (இருக்காரு, அப்படியே இருக்காரு, உன்னை விசாரிச்சாரு) ஒரு நாள் அம்மாவைப் பாக்க வந்தவரு சொன்ன விஷயம் எனக்கே புதுசா இருந்துச்சு. அம்மா "தேவன்"னு சொல்லுதால்லா, அதுவே ஆதியில கிடையாதாம். தரங்கம்பாடியில மிஷனரி சீகன்பால்க் 1715ல புதிய ஏற்பாட்டை அச்சுப்போட்டு முடிச்சாராம், அவருக்குப் பிறகு மெட்ராஸ்ல இருந்த மிஷனரி பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்புல பராபரன்னுதான் இருந்துச்சாம். நம்ம திருநெல்வேலியில இருந்த ரேனியுஸ் ஐயர்தான் தேவன்னு மாத்துனாராம். நம்ம கையில இருக்குற பைபிள் போவர் ஐயர் கமிட்டி திருத்தி 1871ல வந்தது. அதுக்கப்புறம் 1956ல கடவுள்னு போட்டு ஒரு திருத்தம் வந்துச்சு, அதை சபையில யாரும் சீந்தல. உங்க திருவிவிலியம் 1995ல வந்தது. போவர் பைபிள் வந்தப்ப லுத்தரன் ஆளுங்க, எங்களுக்கு எங்க பப்ரிசியுஸே போதும்னு ரொம்ப காலம் பிடிச்ச பிடியில நின்னாங்களாம். சார் இதைச் சொல்லவும் அம்மா "அப்படின்னா எங்க ஆச்சிக்கு ஆச்சி பராபரன்னு தான் சொல்லிருப்பாளோ"ன்னு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டே இருந்தா. மறுநாள் அவளே "சரி, ரெண்டையும் வாசிங்க"ன்னுட்டா.

அதுல இருந்து தினம் ரெண்டும் வாசிக்கோம். ஏட்டி, எவ்வளவு விஷயம் நமக்குப் புரியாமலே காதுக்குள்ள போயி வெளிய வந்திருக்கு! என் கல்யாணத்துல வாசிச்ச ஒண்ணு கொரிந்தியர் பதிமூணு, உனக்கும் மனப்பாடம்தான், "அயோக்கியமானதைச் செய்யாது, தற்பொழிவை நாடாது". தற்பொழிவுன்னா என்னன்னு சின்னவ கேட்டா. எனக்குத் தெரியல. பத்தொம்போது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல. உன் பைபிள்ல பாத்தா "தன்னலம் நாடாது". அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கும் அத்தானுக்கும் அந்த எல்.ஐ.சி பணத்தை வச்சு சண்டை, சாப்பாட்டுத் தட்டுல யாரும் கை வைக்கல, அந்த நேரத்துல இந்த ரெண்டு வார்த்தை வந்து விழுந்துச்சு பாரு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் பின் தெருவுல தையல் தைக்கிற ஒரு அக்காவுக்கு பதினஞ்சாயிரம் குடுத்தேன், அவ மக காலேஜ் பீஸுக்கு. மூணு மாசத்துல தாரேன்னா, பத்து மாசம் ஆகியும் வரல. போனை எடுக்கல, சர்ச்சுல பாத்தா வேற வழியா போறா. எனக்கு வந்த கோவத்துல ஒரு நாள் சாயங்காலம் ஆட்டோ கூட்டிக்கிட்டு நேரா அவ வீட்டுக்குள்ள போயி, மோட்டார் போட்ட தையல் மெஷினை தூக்கிட்டு வந்துட்டேன். பாதி தச்ச ஒரு ஜாக்கெட் ஊசிக்கடியில அப்படியே மாட்டிக் கிடந்துச்சு, அதை உருவி அவ கையில குடுத்துட்டு வந்தேன். அவ ஒரு வார்த்தை பேசல. மெஷினை முன் ரூம்ல பெட்ஷீட் போட்டு மூடி வச்சேன், மூணு வாரம். இதை உங்கிட்ட சொல்லல, ஏன்னா நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும்.

சின்னவளுக்கு சண்டே ஸ்கூல் பரீட்சைக்கு உபாகமம். உங்க பைபிள்ல அது இணைச் சட்டமாம், முதல்ல கண்டுபிடிக்கவே நேரமாச்சு. இருபத்தி நாலாம் அதிகாரம் வாசிக்கா. "திரிகையின் அடிக்கல்லையாவது அதின் மேற்கல்லையாவது ஒருவரும் அடகாக வாங்கக்கூடாது; அது ஜீவனை அடகுவாங்குவதுபோலாகும்". திரிகைன்னா என்னம்மான்னா. நம்ம திருவைதான்னு அம்மா சொன்னா, ஆச்சி வீட்டு புறவாசல்ல நாம ரெண்டு பேரும் உளுந்து உடைச்சோம்லா, அதே. ஒரு வீட்டுல அதை எடுத்துட்டா மாவு இல்ல, மாவு இல்லன்னா சோறு இல்லன்னு அம்மா பிள்ளைக்கு விளக்கிக்கிட்டிருக்கா. அப்புறம் பத்து, பதினொண்ணு வசனம், கடன் குடுத்தவன் அடகு வாங்க அடுத்தவன் வீட்டுக்குள்ள போகக்கூடாது, வெளியதான் நிக்கணும், அவனா கொண்டு வந்து தரணும்னு. சின்னவ வாசிச்சு முடிச்சிட்டு தலையைத் தூக்கி முன் ரூம்ல இருந்த பெட்ஷீட்டைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. அத்தானும் ஒண்ணும் சொல்லல. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சுட்டி.

காலையில அதே ஆட்டோவைக் கூப்பிட்டு கொண்டு போயிக் குடுத்துட்டேன். உள்ள போகல, வாசல்ல நின்னேன். அவ மகதான் வந்து ஒரு பக்கம் பிடிச்சா.

ஆனா அதோட விடல, ஸ்டெல்லா. அன்னைக்கு ராத்திரி பரமண்டல ஜெபம் (நீ செபம்னு எழுதுவ, எழுதிக்கோ) சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்கிற இடத்துல வாய் அடைச்சுக்கிட்டு. உன் பைபிள்ல மத்தேயு ஆறுல அந்த இடத்தைப் பாத்தேன், குற்றம்னு இருக்கு. சார்கிட்ட கேட்டா, மத்தேயு எழுதுன கிரேக்கத்துல அந்த வார்த்தை கடன்தான், பழசுதான் அந்த இடத்துல ஒட்டி இருக்குன்னாரு. தற்பொழிவுல உன் பைபிள் என்னைப் பிடிச்சுது, கடன்ல எங்கம்மா பைபிள் பிடிச்சுது, எங்க ஓட. இன்னொண்ணும் சொன்னாரு. அந்த பப்ரிசியுஸ், தமிழ் பைபிளுக்காக ஆயுசையே குடுத்த மனுஷன், கடைசி காலத்துல பணவிஷயத்துல ஏமாந்து, கடன்ல மாட்டி மெட்ராஸ்ல ஜெயில்ல கிடந்தாராம். எனக்கு ரெண்டு நாளா அந்த நினைப்புதான். கடனை மன்னிக்கிற வசனத்தை தமிழாக்குன மனுஷன், மன்னிக்க ஆள் இல்லாம உள்ள இருந்திருக்காரு.

உங்க பைபிள்ல இருக்குற சீராக்குங்கிற புத்தகத்தையும் வாசிச்சேன், எங்ககிட்ட கிடையாதே. இருபத்தொம்போதாம் அதிகாரம் முழுக்க கடன்தான். வாங்கும்போது கையை முத்தம் பண்ணுவான், திருப்பிக் குடுக்கச் சொன்னா சாக்கு சொல்லுவான்னு அப்படியே நம்ம தெருவை எழுதி வச்சிருக்கு. அதுக்கப்புறம், சகோதரனுக்காக காசு போனா போகட்டும், கல்லுக்கடியில துருப்பிடிக்க விடாதேன்னும் அதே அதிகாரம் சொல்லுது.

இப்ப சொல்லு, மெஷினைக் குடுத்தது போதுமா, பதினஞ்சாயிரத்தையும் விட்டுறணுமா? அத்தான் விட்டுறுங்காரு. அவருக்கென்ன, சொல்லுவாரு, பெரியவளுக்கு ஜூன்ல நான்தான் பீஸ் கட்டணும். விட்டுட்டேன்னு அவகிட்ட போயிச் சொன்னா அவளுக்கு அது அவமானமா இருக்குமோன்னும் தோணுது. சொல்லாமலே விட்டா அவ இன்னும் வேற தெரு வழியாத்தான் போவா. நீ அந்தக் காலத்துல பச்சைக்குடை விஷயத்துல முடிவு எடுத்த மாதிரி யோசிச்சு எழுது, போன்ல வேண்டாம், எழுது.

அம்மா கேக்கச் சொன்னா, பெரிய எழுத்துல பழைய பைபிள் உங்க ஊர் கடையில கிடைக்குதான்னு. கிடைச்சா ஒண்ணு வாங்கி வை, சர்ச் அசன விருந்துக்கு வரும்போது கொண்டு வா. இந்தத் தடவை வராம இருந்துராத.

உன்,
சாந்தி