தாத்தா கடைக்கு வழி

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, கவலைப்படாதே.

பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள் என்று சின்னவன் கேட்டானே, சிங்கப்பூரில் கொள்ளுத்தாத்தா கடை எங்கே இருந்தது என்று. நீயும் மேப்பில் தேடிவிட்டு, "அத்தா, அங்கே கண்ணாடிக் கட்டடம்தான் இருக்கு" என்றாய். ஃபோனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்து அவனுக்குச் சொல்.

வழியைக் கடலிலிருந்து தொடங்க வேண்டும். தாத்தாவின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கடலிலிருந்துதான் வந்தார்கள். கிளிஃபர்ட் பியர் தெரியும் அல்லவா, ஃபுல்லர்டன் பே ஹோட்டலோடு சேர்ந்து இப்போது சாப்பாட்டு இடமாக இருப்பது. 1933இல் திறந்த ஜெட்டி அது. அதற்கு முன்னால் அங்கே இருந்த பழைய ஜான்ஸ்டன் ஜெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு தொங்கியதால், மலாய்க்காரர்களும் சீனர்களும் புதிய ஜெட்டியையும் சிவப்பு விளக்கு என்றே சொல்லி வந்தார்கள். உள்ளே தூணே கிடையாது. மேலே சிமெண்டு வளைவுகள் கூரையைத் தாங்கி நிற்கும், அவை இன்றும் அப்படியே இருக்கின்றன. 2006இல் ஜெட்டியை மூடும்வரை சீனர்கள் கும்பிடப் போகிற குசுத் தீவுக்கான படகுகள் அங்கிருந்துதான் கிளம்பின. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஊதுபத்தியும் பழமுமாகக் கூட்டம் அலைமோதும்.

அந்த ஜெட்டியின் படிக்கட்டில் நின்று பார்த்தால் கப்பல்தான், கப்பலுக்குப் பின்னால் கப்பல்தான். அப்போது அது கடல். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமான் இறக்கத் தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் போகும், கப்பல்காரர்களை ஏற்றிக்கொண்டு மோட்டார் படகும் சம்பான் என்கிற சின்னத் தோணியும் கரைக்கு வரும். இன்றைக்கு நீ அங்கே பார்ப்பது கடல் இல்லை, அதைச் சின்னவனிடம் கட்டாயம் சொல். 2008இல் மரினா அணைக்கட்டைக் கட்டி வாயை அடைத்த பிறகு அது நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. கொள்ளுத்தாத்தா உப்புக்காற்று வாங்கிய இடத்தில் இப்போது இருப்பது குடிநீருக்கான தண்ணீர்.

சரி, ஜெட்டியை விட்டு வெளியே வந்து காலியர் கீ சாலையைக் கடந்தால் எதிரே இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சந்து இருக்கும். அதுதான் சேஞ்ச் ஆலி. ஒரு முனையில் காலியர் கீ, மறு முனையில் ராஃபிள்ஸ் பிளேஸ். மெதுவாக நடந்தாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும் தூரம்தான், ஆனால் யாரும் சில நிமிடத்தில் முடித்ததில்லை. இரண்டு பக்கமும் கடை, கடைக்கு முன்னால் தள்ளிப்போட்ட மேசை, மேசைக்கு மேலே தொங்குகிற பைகள், சட்டைகள், பொம்மைகள். தலைக்கு மேலே கித்தான். எதிரில் ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், ஒதுங்குகிற இடத்தில் ஒரு கடைக்காரர் உன் கையில் ஏதாவது ஒரு சாமானைக் கொடுத்துவிடுவார்.

தாத்தா கடை என்று நாம் சொல்கிறோமே தவிர, சுவரோடு சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி அலமாரிதான் அது. காலையில் பூட்டைத் திறந்தால் கடை, இரவில் பூட்டினால் வெறும் சுவர். பேனா, கைக்கடிகாரம், சிகரெட் லைட்டர், சவரக்கத்தி, பர்ஸ். ராஃபிள்ஸ் பிளேஸ் முனையிலிருந்து வருவதைவிட ஜெட்டி முனையிலிருந்து வந்தால் பக்கம். அந்த இடத்தை என் அத்தா, அதாவது உன் தாத்தா, விட்டுக்கொடுத்ததே இல்லை. கரையேறுகிற கப்பல்காரன் பையில் முழுச் சம்பளத்தோடு முதலில் கடந்து போகிற கடைகளில் நம் கடையும் ஒன்று.

அத்தா கூத்தாநல்லூரிலிருந்து இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு வந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு, போர்ட் கிள்ளான் என்று நின்று நின்று வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஊர் மதரஸாவோடு சரி. ஆனால் சந்துக்குள் வருகிறவனின் முகத்தையும் தொப்பியையும் பார்த்து எந்த மொழியில் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். இங்கிலீஷ், மலாய், சீனர்களின் ஹொக்கியன், கொஞ்சம் ஜப்பானிய மொழி. சோவியத் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் ரஷ்ய மொழியில் எண்களையும் "நல்லது", "மலிவு", "நண்பா" என்பதையும் படித்துக்கொண்டார். சந்தில் பல பேருக்கு அந்த அளவு ரஷ்யன் தெரியும். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், காதில் இவ்வளவும் விழுந்துகொண்டே இருக்கும்.

பேரம்தான் வியாபாரம். எந்தச் சாமானிலும் விலைச்சீட்டு கிடையாது. அத்தா ஒரு விலை சொல்வார், அவன் பாதி கேட்பான், அத்தா சாமானைத் திரும்ப அலமாரிக்குள் வைப்பார், அவன் நாலடி நடப்பான். நாலாவது அடியில் கூப்பிட வேண்டும், ஐந்தாவதில் அவன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். காலையில் முதல் ஆளாக வந்தவனை மட்டும் வெறுங்கையாக விடமாட்டார், லாபம் குறைந்தாலும் போணி பண்ணிவிடுவார். ஏமாற்றினார்கள், தரக்குறைவான சாமானை விற்றார்கள் என்று அந்தச் சந்தைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிச் சிலர் இருந்தார்கள். ஆனால் ஒரு கடிகாரம் ஓடவில்லை என்று அடுத்த பயணத்தில், மாதக்கணக்கு கழித்துத் திரும்பி வந்த மாலுமிக்கு அத்தா பேசாமல் வேறு கடிகாரம் எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் அதன் பிறகு கப்பலில் உள்ளவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தான்.

அத்தாவுக்கு இடப்பக்கம் காசு மாற்றுகிற ஒரு மாமா, நம் ஊர்ப்பக்கத்துக்காரர். பவுன், டாலர், ரூபாய், ரிங்கிட் எல்லாம் அவருடைய ஒரே பெட்டியில் இருக்கும். அன்றைய ரேட்டை எங்கும் எழுதி வைக்கமாட்டார், எல்லாம் மனக்கணக்கு. எனக்கு நாட்டுப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தது பூகோளப் புத்தகம் இல்லை, அவர் பெட்டிதான்.

மறு முனையில் ராஃபிள்ஸ் பிளேஸ். ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் என்று பெரிய கடைகள், வெள்ளைக்காரர்களும் பெரிய சம்பளக்காரர்களும் போகிற இடம். நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்போம். 1972 நவம்பரில் ராபின்சன்ஸ் எரிந்து ஒன்பது பேர் இறந்து போனார்கள், பாவம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். அங்கேதான் செட்டியார்களின் கிட்டங்கிகள். நீளமான ஒரே கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னக் கணக்குப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு செட்டியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. வங்கி வாசலுக்குள் போகத் தயங்கியவர்களுக்கு அவர்கள்தான் கடன் கொடுத்தார்கள். மௌலானா முகம்மது அலி பள்ளிவாசலும் அந்தத் தெருவில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சந்துக் கடைக்காரர்கள் அலமாரியைப் பூட்டிவிட்டுக் கூட்டமாக அங்கே போவோம். அந்தப் பள்ளிவாசல் இப்போதும் இருக்கிறது, யூஓபி பிளாசா என்ற வங்கிக் கட்டடத்தின் நிலவறையில்.

அப்புறம் எப்படி இதெல்லாம் போனது என்று கேட்பான். கட்டடத்தை இடித்ததால் போனது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடிக்க வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வியாபாரம் குறைந்துவிட்டது. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது, அதோடு சிப்பாய்களும் கடற்படைக்காரர்களும் போனார்கள். 1972 ஜூனில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதல் கன்டெய்னர் கப்பல் வந்து நின்றது. உனக்குத் தெரியும், நான் பிறகு அங்கேதான் சரக்கை எண்ணி எழுதும் டேலி கிளார்க் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அத்தா கேட்டார், "ஒரு கப்பல் எத்தனை நாள் நிக்கும்?"

"இன்னைக்கு வந்தா நாளைக்குப் போயிடும் அத்தா."

"அப்ப கப்பல்காரன் எப்ப கரையில எறங்குவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, கை கழுவ எழுந்து போய்விட்டார். மூட்டை மூட்டையாக இறக்கிய காலத்தில் கப்பல் நாட்கணக்கில் நின்றது, அந்த நாட்களில்தான் சந்து பிழைத்தது. எந்தக் கன்டெய்னர் பெட்டி அவர் வியாபாரத்தைக் குறைத்ததோ அந்தப் பெட்டியை எண்ணி எழுதித்தான் நான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ பட்டம் வாங்கிய அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஏன் அழுகிறீர்கள் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களில் இடம் பெயர்ந்தன. 1977இல் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. 1983இல் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அது செய்ய வேண்டிய வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் கறுப்பாக இருக்கும், வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது. சுத்தமான ஆற்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டவன். கடைசியில் 1989 ஏப்ரலோடு சேஞ்ச் ஆலியை மூடிவிட்டார்கள். அந்த மாதத்தில் வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் வந்த கூட்டம், அதற்கு முந்தின பல வருஷங்களில் சாமான் வாங்க வந்ததில்லை. அத்தா மிச்சச் சாமானை வந்த விலைக்கு விற்றுவிட்டு, அலமாரியைப் பக்கத்துக் கடைக்காரருடைய உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஆறாத வருத்தம் கடைகளைப் பற்றியதுகூட இல்லை. அந்தக் கடலோரம் காசில்லாதவனுக்கும் இடம் கொடுத்தது, அதுதான். வேலை முடிந்த கூலிக்காரர், ஊருக்குப் பணம் அனுப்ப ஃபுல்லர்டன் கட்டடத்துத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று களைத்தவர், கப்பல் தவறவிட்ட மாலுமி, என்னைப் போன்ற பள்ளிக்கூடப் பையன், எல்லாரும் ஜெட்டிக்குள் நுழைந்து உட்காரலாம். எதையும் வாங்க வேண்டாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இன்று அதே வளைவுகளுக்குக் கீழே உட்கார வேண்டுமானால் மேசை பதிவு செய்ய வேண்டும். அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தா உயிரோடு இருந்தால் உள்ளே போகக் கூச்சப்பட்டிருப்பார், அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நான் வேலை பார்த்த தஞ்சோங் பகாரும் இப்போது மேற்குக் கோடியில் இருக்கிற துவாஸுக்குப் போகிறது. 2027க்குள் நகரத்துப் பக்கத்து முனையங்கள் எல்லாம் அங்கே மாறிவிடும். அதனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல், கொள்ளுத்தாத்தா இடத்தை மட்டும் எழுதினால் போதாது.

டிசம்பர் விடுமுறையில் வருகிறீர்கள் அல்லவா? அவனை நான் கூட்டிப் போகிறேன். காலியர் கீயில் நின்றால் இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ராஃபிள்ஸ் பிளேசுக்குப் போகிற வழி இன்றும் இருக்கிறது, ஏசி போட்டு, பளபளவென்று. அதில் எந்த இடத்தில் அலமாரி நின்றிருக்கும் என்று என்னால் ஏறக்குறையக் காட்ட முடியும். அங்கிருந்து பக்கத்தில்தான் ஆர்கேட் என்ற கட்டடம். உள்ளே இன்றைக்கும் வரிசையாகக் காசு மாற்றும் கடைகள், பாதிக்கு மேல் நம்மவர்கள். தமிழில் பேசிக்கொண்டே நோட்டை எண்ணுவார்கள். சின்னவன் கையில் கொஞ்சம் ஆஸ்திரேலிய நோட்டு கொடுத்து அனுப்பு, அவனே மாற்றட்டும். முதல் கடையிலேயே கொடுத்துவிடக் கூடாது, நாலு கடையில் ரேட் கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வை. எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் சலாம். நேரத்துக்குப் பசியாறு, வேலை வேலை என்று ஓடாதே.

வஸ்ஸலாம்,
அத்தா