துளசி நாற்றுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

ஆடியில் மொட்டை மாடியில் தூவிய துளசி, புரட்டாசி பிறக்கும்போது பல வீட்டு வாசலில் கன்றாக நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் துளசிக்கா பஞ்சம் என்று கேட்டவர்களும் உண்டு. மாலைக்குப் பஞ்சமில்லை, சரி. கத்திரி வெயிலில் மாடத்துச் செடி காய்ந்துபோன வீடுகளுக்குத்தானே தெரியும்! பார்க்கும்போதெல்லாம் ஒரு 'தேங்க்ஸ்' சொல்லி நகர்ந்துவிட்டேன். அது போதாது.

முதல் நன்றி பூக்கார அக்காவுக்கு. துளசி விதை கேட்டால் சில கடைகளில் சப்ஜாவை எடுத்து நீட்டுகிறார்கள். அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. துளசிக்குச் சொந்தம்தான், ஆனால் துளசி ஆகாது. அக்கா தன் வீட்டுக் கருந்துளசியில் சில கதிர்களைக் கிள்ளாமல் செடியிலேயே காயவிட்டு, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மெல்ல ஊதினால் சருகு பறந்துவிடும், விதை தங்கும் என்று செய்தும் காட்டினார். கதிரில் இருக்கும் ஒவ்வொரு குட்டிக் கிண்ணத்துக்குள்ளும் நாலு விதை வரை இருக்கும். பக்கத்தில் வைத்தால் கடுகே பெரிசு.

அப்புறம் இரண்டாம் மாடித் தாத்தா. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இந்தத் தூசி எம்மாத்திரம்! காய்ந்த மணலோடு கலந்து தூவச் சொன்னது அவர்தான். "மேலே மண்ணைப் போட்டு மூடாதேம்மா, லேசா அமுக்கிவிடு, வெளிச்சம் படணும்" என்று ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மேலிருந்து ஊற்றினால் விதை ஓரமாக ஒதுங்கிவிடும். அதனால் அடியில் ஓட்டை போட்ட தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து எடுக்கும் யோசனையும் அவருடையதே.

முளைக்க 8 முதல் 14 நாள் ஆகலாம். அதுவரை வெறும் மண்ணுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டியவர் வாட்ச்மேன் அண்ணன். ஒரு தட்டில் நாற்றழுகல் வந்து, தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இற்றுச் சாய்ந்தபோது முதலில் கவனித்ததும் அவர்தான். யாரையும் கேட்காமல் அந்தத் தட்டைத் தனியே ஒதுக்கி, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்தார். அன்று அவர் சும்மா இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

முதலில் வரும் விதையிலை போக, நாலு நிஜ இலை வந்ததும் பிரித்து நட்டது எங்கள் வாண்டுப் படை. ஊதுபத்திக் குச்சியால் வேரோடு நெம்பி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கிய அந்தப் பொறுமையைப் பாடப் புத்தகத்திடமும் காட்டலாம் (அம்மாக்கள் சொல்லச் சொன்னது). பேப்பர் கப் தந்த டீக்கடை அண்ணாச்சிக்கும், தளம் ஒழுகும் என்று முனகிக்கொண்டே மாடிச் சாவியைக் கொடுத்த செயலாளர் சாருக்கும் நன்றி. தளம் ஒழுகவில்லை சார்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் இன்னும் சில கன்றுகள் இருக்கின்றன. வெயில் நன்றாக விழும் இடம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து வைத்திருக்கிறேன். அடியில் ஓட்டை உள்ள தொட்டி மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து