பிள்ளையின் மின்சிகரெட் பழக்கம்: தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். மின்சிகரெட் குறித்த பள்ளியின் ஆங்கிலச் சுற்றறிக்கை உங்களுக்குக் கிடைத்திருக்கும். விதிமுறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளை அந்தப் பழக்கத்தில் சிக்கியது தெரிந்தபின் வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு அதில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 முதல் சிங்கப்பூரில் குற்றம். இப்போது சிலவற்றில் எட்டோமிடேட் கலந்து விற்கிறார்கள். மருத்துவமனையில் நோயாளியை மயக்கமடையச் செய்யப் பயன்படும் மருந்து அது. மருத்துவர் அளந்து ஊசியில் செலுத்துவதை, ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அளவே தெரியாமல் உள்ளே இழுக்கிறது. நடை தள்ளாடும், பேச்சு குழறும், வலிப்பும் வரலாம். 2025 செப்டம்பர் 1 அன்று அது ‘சி’ வகைப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. வெறும் ஆவிதானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

அண்மையில் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். மகனின் பென்சில் பெட்டியில் கிடைத்ததை டிஷ்யூ தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பார்ப்பதற்குத் தடித்த மார்க்கர் பேனா. முகர்ந்தால் மாம்பழ வாசனை. பல வாரங்களாகவே அவருக்குத் தெரியும். கணவரிடம் சொன்னால் அடித்து நொறுக்கிவிடுவார் என்ற பயம். மாமியாரிடம், பையனுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தார். நள்ளிரவில் கழிவறைக் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் கண்விழித்துக் கிடந்தார். தொடக்கநிலை 6 படிக்கும் மகள் சில நாள்களாகச் சரியாகச் சாப்பிடாததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஒரே புளோக்கில் உறவினர்கள், ஒரே கோயில், ஒரே கல்யாண வீடு. ஆனால் நாம் மறைத்துக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில்தான் பழக்கம் வேரூன்றுகிறது.

கையும் களவுமாகப் பிடித்த அன்றிரவே விசாரணை வேண்டாம். போதை தெளிந்தபின், தொலைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். எப்போது தொடங்கியது, யார் கொடுத்தார்கள், எந்த நேரத்தில் மனம் அதைத் தேடுகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். அப்பா பெல்ட்டை எடுப்பதும் அம்மா இரகசியமாகப் பணம் கொடுப்பதும் ஒரே வீட்டில் நடந்தால் பிள்ளை தப்பிக்கவே கற்றுக்கொள்ளும். முதலில் நீங்கள் இருவரும் தனியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஊருக்கு அனுப்பி மாமா வீட்டில் விட்டுவிடலாம் என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த நேரத்தில் பிள்ளை உங்கள் கண்முன் இருக்க வேண்டும்.

நிக்கோட்டினை நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த பிள்ளை மறுபடி இழுப்பதும் உண்டு. அன்றைக்கு எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள். நீங்களும் தூங்க வேண்டும். கணவனும் மனைவியும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளிடம், அவர்கள் வயதுக்கேற்றபடி, உண்மையைச் சொல்லுங்கள்.

தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவி எண் 1800 438 2000. மனம் தாங்காத நேரத்தில், நள்ளிரவானாலும், தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழைக்கலாம். அது பெற்றோருக்கும்தான். குடும்ப ஆலோசனைக்குச் சிண்டாவை (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) அணுகலாம். பிள்ளை சுயநினைவின்றிக் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

பள்ளி ஆலோசகரைப் பிள்ளைக்குத் தெரியாமலும் நீங்கள் சந்திக்கலாம். இரவுப் பணி செய்பவர்கள் பள்ளி அலுவலகத்தில் சொன்னால் காலையில் நேரம் ஒதுக்கித் தருவோம். தமிழில் பேச விரும்பினால் நானே உடன் இருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்