கை கட்டி அமர்ந்திருக்கும் ஆசிரியர்களைப் பற்றி மழலையர் வகுப்புப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போகத் தொடங்கிய பிறகுதான், வழக்கம்போல, கேட்க வேண்டிய கேள்விகள் வந்தன. ஒரு தந்தை தம் மகளின் நோட்டைப் பிரித்துக் காட்டி, இரண்டு மாதமாகியும் பதினொரு பக்கங்கள்தாம் நிரம்பியிருக்கின்றன என்றார். ஒரு தாய், தாம் வகுப்பறை வாசலில் நின்று பார்த்த கால் மணி நேரமும் ஆசிரியை ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாரே தவிர எதையும் கற்பிக்கவில்லை என்று மிகுந்த நாகரிகத்தோடு சொன்னார். மூன்றாவது கேள்வி நேரடியானது: “நம் பள்ளி மாண்டிசோரி பள்ளியா, இல்லையா?” படியில் நின்றபடி நான் சொன்ன பதில்கள் போதாதவை என்பது எனக்கே தெரிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதற்குப் பல நாடுகளில் எந்தத் தடையும் கிடையாது, நாங்களும் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் நம் மழலையர் பிரிவின் ஆறு ஆசிரியர்களில் ஒருவர்தாம் அம்முறையில் முழுப் பயிற்சி பெற்றவர். மற்ற ஐவரும் வெவ்வேறு வழிகளில் வந்தவர்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில், சிறு குழந்தைக்குக் கற்பிப்பது என்றால் என்னவென்று தாம் நம்புவதை ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறு அவர்களைக் கேட்டிருந்தேன். ஆறு பக்கங்களும் ஆறு விதமாக இருந்தன. எனினும் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. குழந்தை ஒன்றைச் செய்ய முடியாமல் திணறும்போது ஆசிரியர் எப்போது கை கொடுக்க வேண்டும், எப்போது கை கட்டி இருக்க வேண்டும்? மழலையர் கல்வியில் பெயர் பெற்ற முன்னோடிகள் வேறுபடுவதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

இக்கேள்விக்கு மிகத் துணிவான விடை சொன்னவர் மரியா மாண்டிசோரி (1870–1952). அவர் 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மருத்துவர். கை வைப்பதற்கு முன் கவனி என்னும் மருத்துவரின் பழக்கம்தான் அவருடைய முறைக்கு அடித்தளம் என்பது என் கருத்து. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழை உழைப்பாளர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு மரக்கட்டையின் குழிகளிலிருந்து உருளைகளை எடுப்பதும் திரும்பப் பொருத்துவதுமாக மூழ்கியிருந்ததை அவர் கண்டார். எத்தனை முறை செய்கிறாள் என்று எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். சிறுமியை அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், தூங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்தோடு தானாகவே நிறுத்தினாள். தொடங்கு என்றோ போதும் என்றோ அவளிடம் எவரும் சொல்லவில்லை.

அதே உருளைக் கட்டை நம் வகுப்பிலும் இருக்கிறது. பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஓர் உருளை தவறான குழியில் போய் உட்கார்ந்துவிட்டால், கடைசியில் ஒன்று எங்கும் பொருந்தாமல் கையில் மிஞ்சும். ஆகவே தப்பு என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நான் ஆசிரியப் பணிக்கு வந்த முதல் ஆண்டில், நான்கு வயதுப் பையன் ஒருவன் மிஞ்சிய உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தவறான உருளையைச் சுட்டிக்காட்டியதோடு நில்லாமல் நானே எடுத்து மாற்றியும் வைத்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் அதைத் தொடவே இல்லை.

மாண்டிசோரிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஃப்ரோபெல் (1782–1852). ‘கிண்டர்கார்டன்’ என்ற சொல்லை 1840-இல் உருவாக்கியவர் அவரே. குழந்தையின் விளையாட்டுதான் அதன் தீவிரமான வேலை என்று அவர் கருதினார். வண்ண நூல் பந்துகள், மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை, பிறகு எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம் என்று வரிசையாக அமைந்த விளையாட்டுப் பொருள்களுக்கு அவர் ‘பரிசுகள்’ என்றே பெயரிட்டார். மாண்டிசோரியின் உருளைக் கட்டைக்குச் சரியான விடை ஒன்றுதான் உண்டு; ஃப்ரோபெலின் எட்டுக் கனசதுரங்கள் வீடாகலாம், படிக்கட்டாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். (அவருடைய சீடர்கள் சிலர் பின்னாளில் அந்த விளையாட்டையும் இம்மி பிசகாத பயிற்சியாக்கிவிட்டது தனிக்கதை.) 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது, தடை 1860-இல் நீங்கியபோது அவர் உயிருடன் இல்லை. பிள்ளைகள் கட்டை அடுக்கி விளையாடுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நம் கட்டை மூலையில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தூண்கள் எழுந்துவிட்டன. நடுவே வைக்க வேண்டிய பலகை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் நழுவி விழுந்தது. தூண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். முதல் முறை சிரித்தார்கள். இரண்டாம் முறை பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் முறை, நீதான் தள்ளினாய் என்று சண்டை தொடங்கியது. ஆசிரியை அதுவரை முக்காலியை விட்டு எழவில்லை. சண்டை முற்றுவதற்குச் சற்று முன்பு அருகில் போய் அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பலகை எவ்வளவு நீளம்?” இருவரும் வாயடைத்துப் போனார்கள். பிறகு சிறுமி பலகையைத் தரையில், தூண்களுக்கு நடுவே படுக்க வைத்தாள். இரு பக்கமும் எட்டவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு தூணை அடியோடு பிடித்து உள்ளே நகர்த்தினாள், நகர்த்தும்போது தூண் இடிந்தது, மறுபடி கட்டினார்கள், பாலம் நின்றது. எல்லாம் பதினேழு நிமிடம். இது எனக்குத் தெரிவதற்குக் காரணம், வாசலில் நின்ற அந்தத் தாய் குறிப்பிட்ட ‘ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்’ என்பதுதான். அந்தக் குறிப்பேட்டில் நேரத்தோடு எல்லாம் இருக்கிறது.

அந்த ஒற்றைக் கேள்விக்குப் பின்னால் நிற்பவர், முப்பத்தேழு வயதிலேயே மறைந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்த ஒருவர் துணையிருந்தால் செய்ய முடிவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, கற்றல் நடக்கும் இடம் அதுவே என்பது அவர் கண்டது. துணை என்பது செய்து கொடுப்பதன்று. பலகையின் நீளத்தைக் கேட்டது துணை. தூணை நகர்த்தி வைத்திருந்தால் அது நான் அந்தப் பையனுக்குச் செய்த காரியமாகியிருக்கும். நம் மாண்டிசோரி ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியும் வேண்டியதில்லை, இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் பலகையே சொல்லியிருக்கும் என்றார். பொறுத்திருந்தால் கட்டைகள் பறந்திருக்கும் என்றார் மற்றவர். நான் இந்த வழக்கில் இரண்டாமவர் பக்கம் சற்றே சாய்கிறேன். ஆனால் இருவரும் ஒரே பள்ளியில் வாதாடிக்கொண்டிருப்பதையே விரும்புகிறேன்.

இப்படிப்பட்ட வேறுபாடு புதிதும் அன்று. சிறு பிள்ளைகளுக்கு மாயக் கதைகள் சொல்வதை மாண்டிசோரி அவ்வளவாக விரும்பவில்லை. அவருடைய எழுத்தைப் படித்து ஈர்க்கப்பட்டு, வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவோ, கதையையே கற்பித்தலின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். அவரை மக்கள் ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தார்கள். கதைநேரத்தில் நாங்கள் அவர் கட்சி.

இனிக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் பேசுவதைப் பேசியபடியே எழுதி வைப்பது, 1924-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய சிறு பள்ளியொன்றில் சூசன் ஐசக்ஸ் ஆசிரியர்களைப் பழக்கிய வேலை. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் லோரிஸ் மாலகூட்ஸி (1920–1994) வழிநடத்திய பள்ளிகள் இதை இன்னும் விரித்தன. பிள்ளைகளின் பேச்சு, படம், அவர்கள் வேலை செய்யும் நிழற்படம் எல்லாம் சுவரில் ஏறின, பெற்றோரும் படிப்பதற்காக. அந்நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில், 1945-இல் போர் முடிந்த கையோடு, ஊர்மக்களே ஒரு பள்ளியைக் கட்டினார்கள். போர்ப்படை விட்டுச் சென்ற பீரங்கி வண்டி, சில லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்ற பணமே முதலாகியது. கேள்விப்பட்ட மாலகூட்ஸி சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். நம் வகுப்பின் கிழக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்கள் அலங்காரத்துக்காக அன்று என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

பதினொரு பக்கங்களைப் பற்றி. எழுதுவது கையின் வேலை. அந்தக் கை இன்னும் முற்றவில்லை. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிடுகிறது. களிமண் பிசைதல், மணி கோத்தல், குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுதல், மணல்தாள் எழுத்தை விரலால் தடவுதல் ஆகிய எல்லாம் பென்சில் பிடிப்பதற்கு முந்திய பாடங்கள். அந்தத் தந்தையின் மகள் இரண்டு மாதத்தில் இருபத்தாறு முறை தண்ணீர் ஊற்றும் தட்டை எடுத்திருக்கிறாள் என்று குறிப்பேடு சொல்கிறது. முதல் வாரத்தில் தட்டு முழுவதும் தண்ணீர், இப்போது துடைக்கும் துணி காய்ந்தே இருக்கிறது. நோட்டை நாங்கள் ஒதுக்கவில்லை. அவள் பதினொரு பக்கத்தையும் தானாகக் கேட்டு எழுதினாள், அதனால்தான் பதினொன்று.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் மேல் வகுப்பில் பின்தங்கிவிடமாட்டார்களா என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு 123 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. பாலர் பள்ளிக்குப் போன பிள்ளைகள், போகாதவர்களைவிட அறிவுத்திறன் தேர்வுகளில் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆனால் படிப்பை முடித்தல், வருமானம், சட்டத்துக்கு உட்பட்டு வாழ்தல் ஆகியவற்றில் வேறுபாடு நாற்பது வயதிலும் தெரிந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்ட சிறிய ஆய்வு என்பதால் அதை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு தேடிப் போய்த் தாயையும் பிள்ளையையும் சந்தித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வாரந்தோறும் வர நம்மிடம் ஆள் இல்லை. எனவே உங்களை இங்கே வரச் சொல்கிறோம்.

அடுத்த மாதம் முதல் நாள்தோறும் காலையில், வகுப்புக்கு இரண்டு பெற்றோர் வீதம், அரை மணி நேரம் உள்ளே அமர்ந்து பார்க்கலாம். வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். உங்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் தரப்படும். ஒரு குழந்தையை மட்டும் தேர்ந்தெடுத்து, அது செய்வதையும் சொல்வதையும் கண்டபடி எழுத வேண்டும். சொந்தப் பிள்ளையாக இல்லாவிட்டால் எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம். அந்த அரை மணி நேரத்தில் ஆபத்து என்றாலொழிய எந்தக் குழந்தைக்கும் உதவி செய்யக் கூடாது. உங்களிடமே வந்து கேட்டால் ஆசிரியரிடம் அனுப்புங்கள். கைப்பேசி வெளியே இருக்கட்டும். எழுதிய தாள் குழந்தையின் கோப்பில் சேரும்; பருவ இறுதியில் அதைப் படித்தபின்பு ஆசிரியரோடு பேசலாம்.

முக்காலிகள் மிகவும் தாழ்வானவை. முழங்கால் வலி உள்ளவர்களும் தாத்தா பாட்டிகளும் முன்கூட்டியே சொன்னால் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்