சொல்லுக்கு நகைச்சுவைப் பாடகர், குரலுக்குப் பாட்டு ஆசிரியர்

ஆசிரியருக்கு,

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நகைச்சுவைப் பாடகர் பயிற்சி தரலாமா என்று கேட்டால், தாராளமாகத் தரலாம். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகத்தில், கோணங்கி என்ற கோமாளி ஆடி வந்த பிறகுதான் நாடகமே தொடங்குகிறது; சிரிப்பும் பாட்டும் சேர்வது தஞ்சைக்குப் புதிதல்ல. என்.எஸ்.கிருஷ்ணனும் சந்திரபாபுவும் பாடினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.

போட்டிப் பிள்ளைகளிடம் குறைவது அதுதான். சங்கதிக்காக, அதாவது ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவதற்காக, மூச்சைச் சேமிக்கிறார்கள், வரியின் கடைசி எழுத்து காற்றோடு போய்விடுகிறது. 'வாழ்வு' 'வால்வு' ஆகிறது. கடைசிச் சொல் கேட்காவிட்டால் நகைச்சுவைப் பாட்டுக்குச் சிரிப்பே விழாது. அதனால் நகைச்சுவைப் பாடகர் இதை விடமாட்டார். முதலில் மெட்டில்லாமல் வரியை மூன்று முறை பேச வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு. பிறகு தாளம் போட்டபடி பேச்சு, அப்புறம்தான் பாட்டு.

குரல் விஷயம் வேறு. நகைச்சுவைக்காக அவர் மூக்கால் இழுப்பதையும் கீச்சுக்குரலையும் பார்த்துப் பழகினால் தொண்டை இறுகும், மேல் ஸ்தாயியில் சுருதி நழுவும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணை மேடை எடுப்புக்காக இன்னும் உயர்ந்த ஆறு கட்டைக்கு ஏற்றினால் ஒத்திகையிலேயே குரல் கட்டிக்கொள்ளலாம். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு இன்னும் ஆபத்து.

ஆகவே சுருதிப்பெட்டி பாட்டு ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். பயிற்சி தந்தவரே மதிப்பெண் போடவும் வேண்டாம்.

– இசை ஆசிரியர்கள் சிலர், கும்பகோணம்